கல்லை உடைக்கமுன்

2012 டிசம்பர் கடைசியில் பொலன்னறுவை, அரலகங்வில பக்கம் வானத்திலிருந்து விழுந்ததாகச் சொல்லிக் கற்கள் பொறுக்கப்பட்டன. சில வாரங்களிலேயே வானியலாளர் சந்திரா விக்கிரமசிங்கவும் அவருடைய குழுவினரும் அவற்றில் டயற்றம் பாசிகளின் புதைபடிவங்கள் உள்ளன என்று எழுதினார்கள். அது விண்கல்லே அல்ல, மின்னல் உருக்கிய மண்ணாக இருக்கலாம் என்று மறுப்பும் கிளம்பியது. எனக்கு ஆதங்கம் ஒன்றுதான்: கல் எங்கிருந்து வந்தது என்பது தீரமுன்னரே விண்வெளி உயிரைப் பற்றிய வாதத்துக்குப் போய்விட்டோம்.

பெரிய விண்கல் மோதும் வேகத்தில் நிலத்துப் பாறை உருகிக் கண்ணாடியாக உறையும். மோதியது இரும்பு விண்கல் என்றால் அதன் துணுக்குகள் சில அந்தக் கண்ணாடிக்குள் அகப்பட்டுக்கொள்ளும். மின்னல் உருக்கிய கண்ணாடியிலும் உலோக மணிகள் இருக்கலாம். ஆகவே விண்கல்லின் வேலை என்று சொல்ல உலோகம் இருந்தால் மட்டும் போதாது. அது நிக்கல் கலந்த இரும்பா என்று பார்க்க வேண்டும். வழக்கமாக இதற்குக் கல்லை அறுத்து, மெருகிட்டு, இலத்திரன் நுணுக்குக்காட்டியில் வைப்பார்கள். அறுத்தது அறுத்ததுதான். துணுக்கு அறுத்த முகத்தில் அகப்படாமலும் போகலாம்.

அறுக்காமலே உள்ளே பார்க்க ஒரு வழி நியூத்திரன் கற்றை. நியூத்திரனுக்கு மின்னேற்றம் இல்லை. அது பெரும்பாலும் இலத்திரன்களைச் சட்டை செய்யாமல் அணுக்கருவைத்தான் சந்திக்கும். எக்ஸ் கதிர் திணறுகிற தடித்த இரும்பையும் ஊடுருவும். கல்லைச் சுழற்றிச் சுழற்றிப் படமெடுத்தால், எந்தத் துணுக்கு எந்த ஆழத்தில் கிடக்கிறது என்று முப்பரிமாணத்தில் தெரியும். நியூத்திரன்கள் சிதறும் கோணங்களோ உலோகத்தின் பளிங்கு அமைப்பைச் சொல்லும். விண்கல் இரும்பின் இரு வகைகளான நிக்கல் குறைந்த காமசைற்றையும் நிக்கல் கூடிய டீனைற்றையும் அதைக் கொண்டு பிரித்தறியலாம். எங்கள் மலைநாட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு. நியூத்திரன் ஐதரசனைக் கூர்மையாகக் காணும் என்பதால், ஈரமண்ணில் கிடந்த இரும்பு எவ்வளவு துருவாகிவிட்டது என்பதும் படத்தில் விழும். பரிசோதனைக்குப் பின் கல்லில் கொஞ்சம் கதிர்வீச்சு தங்கும். அது தணியும்வரை காத்திருக்க வேண்டும்.

இந்த நியூத்திரன்களைத் தரக்கூடிய ஆய்வு அணு உலை இலங்கையில் கிடையாது. அக்கரையில், மும்பை டிராம்பேயில், 1985 முதல் துருவா உலை இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க, அதே மகாராஷ்டிரத்தின் லோனாரில் ஏறத்தாழ 1.8 கிலோமீற்றர் அகலத்தில் விண்கல் தோண்டிய பள்ளமும் அதன் கண்ணாடி உருண்டைகளும் இருக்கின்றன. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் புவிச்சரிதவியற் பிள்ளைகளும் ஹந்தானை அடிப்படைக் கற்கைகள் நிறுவனத்தாரும் டிராம்பேயில் உள்ளவர்களோடு கைகோத்தால் தூரம் ஒரு தடையல்ல. 1795இல் முல்லைத்தீவில் விண்கல் விழுந்த நாடு இது, இனியும் விழும்.

விழுந்தால் சுத்தியல் எடுக்காதீர்கள், கழுவாதீர்கள். காந்தம் வைத்தும் பார்க்க வேண்டாம். கல்லில் உறைந்திருக்கும் பழைய காந்தப் பதிவு அதனால் அழிந்துபோகும். உலர்ந்த சுத்தமான பையில் இட்டு, கிடந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, பேராதனைக்குக் கொண்டுவாருங்கள்.