பட்டறிவுக்கும் ஒரு பாடவேளை

ஆசிரியப் பணி அறப்பணி என்று மேடைதோறும் முழங்குகிறோம். அப்பணிக்கு ஆயத்தமாகும் ஒருவன் அதை யாரிடம் கற்கிறான் என்ற வினாவை மட்டும் நாம் அதிகம் எழுப்புவதில்லை. பி.எட். முடித்துவிட்டு முதுகலை பயில இக்கல்லூரிக்கு வந்திருப்பவன் என்ற முறையில் என் கருத்தைக் கூற விழைகிறேன். பயிற்சி மாணவனுக்கு மிகுதியும் பயன்படக்கூடிய ஆசான், பணியில் சேர்ந்து இரண்டு மூன்று ஆண்டுகளே ஆன இளைய ஆசிரியர்தான். பேராசிரியப் பெருமக்கள் சினம் கொள்ள வேண்டா. காரணத்தைக் கேட்டபின் தீர்ப்பளிக்கலாம்.

2015-16ஆம் கல்வியாண்டு முதல் பி.எட். இரண்டாண்டுப் படிப்பாக்கப்பட்டது. பள்ளியிலேயே இருந்து கற்பிக்கும் பயிற்சிக்கு 16 வாரங்கள் ஒதுக்கப்பட்டன. நல்ல மாற்றம்தான். அதற்குமுன் கல்லூரியில் நுண்ணிலைக் கற்பித்தல் நடக்கும். 1960களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான முறை அது. ஐந்தாறு நிமிடப் பாடம்; ஐந்தாறு மாணவர்கள். அம்மாணவர்களோ நம் வகுப்புத் தோழர்கள்! அவர்களுள் எவரும் பக்கத்திலிருப்பவனின் பேனாவைப் பிடுங்குவதில்லை. "சார், ஒன்னுக்குப் போகணும்" என்று எழுந்து நிற்பதுமில்லை.

பள்ளிக்குச் சென்றால் நமக்கு வாய்க்கும் வழிகாட்டி ஆசிரியர் பெரும்பாலும் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் பணியாற்றியவர். அவர் வாயிலில் நிழலாடினாலே வகுப்பு அடங்கிவிடும். "எப்படி ஐயா?" என்று கேட்டால், "போகப் போகப் பழகிவிடும் தம்பி" என்பார். அவர் எதையும் மறைக்கவில்லை. நீந்திப் பழகியவருக்கு மூச்சை எப்போது அடக்கினோம் என்பது நினைவில் இராது, அவ்வளவே. இளைய ஆசிரியரோ இப்போதுதான் கரையேறியவர். காதில் புகுந்த நீர் இன்னும் வடியவில்லை. எந்த இடத்தில் ஆழம் என்று அவரால் விரல் நீட்டிக் காட்ட முடியும்.

நான் பயிற்சிக்குச் சென்ற பள்ளியில் பணியேற்று மூன்றாம் ஆண்டிலிருந்த அறிவியல் ஆசிரியை ஒருவர் இருந்தார். வயதில் என்னைவிடச் சற்றே மூத்தவர்; பள்ளிக்கு வெளியே "அக்கா" என்றே அழைப்பேன். மாலையில் பேருந்துக்குக் காத்திருக்கும் அரைமணி நேரத்தில் அவர் சொன்னவை எந்தப் பதிவேட்டிலும் ஏறாதவை. "'புரிஞ்சுதா'ன்னு மட்டும் கேட்காதீங்க தம்பி. 'புரிஞ்சுது'ன்னு ஒரே குரல்ல சொல்லிடுவாங்க. முதல் வருஷம் முழுக்க அதை நம்பியே ஓட்டிட்டேன்" என்றார். அதன்பின் கரும்பலகையில் வேண்டுமென்றே ஒரு தவறான விடையை எழுதிவிட்டுப் பேசாமல் நிற்பாராம். எத்தனை கைகள் உயர்கின்றன என்பதே அவருக்கு அளவுகோல்.

இன்னொன்று குரலைப் பற்றியது. சேர்ந்த மூன்றாம் மாதமே அவருக்குத் தொண்டை கட்டிப் பேச்சே எழவில்லையாம். கத்த இயலாமல் தாழ்ந்த குரலில் பேசிய அந்த வாரத்தில்தான், வகுப்பு செவிசாய்ப்பதைக் கண்டிருக்கிறார். நாள்தோறும் ஐந்தாறு பாடவேளை பேசியே பிழைக்கப்போகும் எங்களுக்குத் தொண்டையைக் காப்பது எப்படியென்று இரண்டாண்டில் ஒருவரும் ஒரு சொல் சொன்னதில்லை. எல்லாரும் ஒரே சீருடையில் இருக்கையில் "ஏய், நீல சட்டை" என்று யாரையும் அழைக்க முடியாது. ஆகவே முதல் வாரத்திலேயே பெயர்களை மனப்பாடம் செய்துவிட வேண்டும் என்பதும் அவர் சொன்னதே. கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஐம்பது பேர் முன் நின்று பார்த்தால் தெரியும்.

இக்கருத்து புதிதன்று. நன்னூல் தந்த பவணந்தியார், ஆசிரியர் வாய்க் கேட்பதால் வருவது கால்பங்கு என்றும், அதே செயலில் ஈடுபட்டோருடன் பழகுவதால் வருவது இன்னொரு கால்பங்கு என்றும், பிறர்க்கு எடுத்துரைப்பதால் வருவது எஞ்சிய அரைப்பங்கு என்றும் வகுத்துரைக்கிறார். நம் பயிற்சித் திட்டம் முதற் கால்பங்குக்கும் இறுதி அரைப்பங்குக்கும் இடம் தந்திருக்கிறது. இடையிலுள்ள கால்பங்கு பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருக்கிறது.

இளைய ஆசிரியர் சொல்வதெல்லாம் வேதவாக்கா என்று கேட்கலாம். இல்லை. "கல்லூரியில் சொன்னதையெல்லாம் மூட்டை கட்டிவிடு, பாடக்குறிப்பை மட்டும் எழுதி வை" என்று அறிவுரை கூறுவோரும் அவர்களுள் உண்டு. அலுப்பும் தொற்றக்கூடியதே. ஆகவேதான் அப்பேச்சு பேராசிரியரின் முன்னிலையில் நடைபெற வேண்டும் என்கிறேன். எது பட்டறிவு, எது வெறும் சலிப்பு என்று பிரித்துக் காட்ட அவர்களால்தான் முடியும்.

மற்றொன்றையும் இங்கு மறக்கலாகாது. 2022இல் அரசுப் பள்ளிகளின் காலியிடங்களுக்குப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர்களை அமர்த்த ஆணையிட்டபோது, இடைநிலை ஆசிரியருக்கு ரூ.7,500, பட்டதாரி ஆசிரியருக்கு ரூ.10,000, முதுகலை ஆசிரியருக்கு ரூ.12,000 எனத் தொகுப்பூதியம் குறிக்கப்பட்டது. இவ்வாறு பணிக்கு வரும் இளைஞர் கல்வியாண்டு முடிந்ததும் வேறு வேலை தேடிப் போய்விடுகிறார். ஓராண்டு முழுதும் பட்டுத் தெளிந்ததும் அவரோடு போய்விடுகிறது. அடுத்த சூனில் அதே வகுப்பறையில் நுழைபவர் "புரிஞ்சுதா?" என்றே தொடங்குகிறார்.

நம் கல்லூரியில் படித்து அண்மையில் ஆசிரியரானோர் பலர் இம்மாவட்டத்திலேயே பணிபுரிகின்றனர். நம் மாணவருள்ளும் பலர் பட்டம் பெற்றபின் பி.எட். சேரவே எண்ணியிருக்கிறார்கள். மாதம் ஒரு சனிக்கிழமை அவர்களுள் ஒருவரைத் துறைக்கு அழைக்கலாம். நிரந்தரப் பணியினரா, தற்காலிகப் பணியினரா என்று பார்க்க வேண்டா. முதல் ஐந்தாண்டைக் கடக்காதவர் என்றால் போதும். அக்கூட்டத்திற்குத் தலைமையுரை, வாழ்த்துரை, பொன்னாடை எதுவும் தேவையில்லை. தேநீர் வேண்டும், அவர் சொல்வதை எழுதிவைக்க ஒரு குறிப்பேடும் வேண்டும். அக்குறிப்பேடு துறை நூலகத்தில், அடுத்து வருவோர் கையெட்டும் அடுக்கில் இருக்கட்டும்.