விளக்கும் குடமும்

அரசியலில் ஏமாற்று என்றவுடன் பொய்ப் பேச்சையே பலரும் நினைக்கிறார்கள். அது சில்லறை வேலை. சட்டத்தின் சகல சம்பிரதாயங்களையும் நிறைவேற்றியவாறே ஏமாற்றுவதற்குத்தான் கைதேர்ந்தவர்கள் வேண்டும். இலங்கையில் 1982 டிசம்பர் 22ஆம் திகதி நடத்தப்பட்ட சர்வஜன வாக்கெடுப்பை விடவும் இதற்குப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியாது.

தர்மிஷ்ட சமுதாயத்தை அமைக்கப்போவதாகக் கூறிய ஜே.ஆர்.ஜெயவர்தனவின் ஐக்கிய தேசியக் கட்சி 1977 பொதுத்தேர்தலில் 168 ஆசனங்களில் 140ஐக் கைப்பற்றியது. 1982 அக்டோபர் ஜனாதிபதித் தேர்தலில் அவருக்குக் கிடைத்தவை சுமார் 53 சதவீத வாக்குகளே. விகிதாசார முறையிலான அடுத்த பொதுத்தேர்தலில் ஆறில் ஐந்து பெரும்பான்மை மீண்டும் வராது என்பதை அறியப் பெரிய கணக்கு எதுவும் தேவையில்லை. தேர்தலை ரத்துச் செய்தால் சர்வாதிகாரி என்ற பழி வரும். எனவே, தேர்தல் வேண்டாம் என்பதற்கு மக்களிடமே ஒரு வாக்கெடுப்பு! அரசியலமைப்புக்கான நான்காவது திருத்தத்தின் மூலம் பாராளுமன்றத்தின் ஆயுள் 1989 வரை நீடிக்கப்படவிருந்தது. 'ஆம்' என்பதற்கு விளக்கு, 'இல்லை' என்பதற்குக் குடம். அவசரகாலநிலையின் கீழ் வாக்கெடுப்பு நடந்தது. ஆளும் கட்சி உறுப்பினர்களின் திகதியிடப்படாத இராஜினாமாக் கடிதங்கள் ஜனாதிபதியின் கையில் இருந்தன.

நற்குணங்களைக் கொண்டிருப்பதை விடவும் கொண்டிருப்பவனாகத் தோன்றுவதே ஆட்சியாளனுக்கு அவசியம் என்பது 'இளவரசன்' நூலில் மாக்கியவெல்லி கூறிய ஆலோசனை. தோற்றத்தைப் பெரும்பாலானோர் நம்பிவிடுவர் என்பது அவரது கணிப்பு. எமது அனுபவம் சற்று வேறானது. விளக்குக்கு 31 இலட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் விழுந்த அதே நாளில், அத்தனை நெருக்குதலுக்கு மத்தியிலும் சுமார் 26 இலட்சம் பேர் குடத்துக்கு வாக்களித்தார்கள். எல்லோரும் ஏமாந்துவிடவில்லை. ஆனால், ஆட்சியை ஆதரிக்க விரும்பியவர்கள் உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் சொல்வதற்கு 'மக்கள் ஆணை' என்ற ஒரு சாட்டு வேண்டியிருந்தது. தோற்றத்தின் உண்மையான வாடிக்கையாளர்கள் அவர்களே.

யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் குடத்தையே தெரிவுசெய்தனர். அவர்கள் நிராகரித்த அந்தப் பாராளுமன்றமே 1983 ஆகஸ்டில் பிரிவினைக்கு எதிரான ஆறாவது திருத்தத்தை நிறைவேற்றியது. அதன் கீழ் சத்தியப்பிரமாணம் செய்ய மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் ஆசனங்களை இழந்தனர். அந்தப் பாராளுமன்றம் கலைக்கப்படும்வரை அந்த மாவட்டத்து மக்கள் தெரிவுசெய்த பிரதிநிதி ஒருவரும் அங்கு இருக்கவில்லை.