பிறவித் திறமை என்னும் பித்தலாட்டம்

எழுத ஆசைப்பட்டு வரும் நம் பிள்ளைகளிடம் இலக்கியப் பெரியவர்கள் தவறாமல் சொல்வது ஒன்று உண்டு. "எழுத்து பிறவியிலேயே வரணும் தம்பி, கத்துக்கிட்டு வர்றதில்ல." சொல்கிறவர் நல்ல மனிதராகவே இருக்கலாம். ஆனால் 'பிறவியிலேயே' என்ற சொல்லைக் கேட்டும் நமக்கு உறைக்கவில்லை என்றால் இத்தனை நாள் நாம் எதைத்தான் படித்தோம்? ஒருவனைக் கருவறைக்குள் அனுப்பவும் இன்னொருவனை மலக்குழிக்குள் இறக்கவும் சொல்லப்பட்ட காரணமும் இதே பிறவிதான்.

இன்னொரு அறிவுரையும் கிடைக்கும், அது அன்போடு வரும். "உங்க வலிய எழுதுங்க தம்பி. மந்திரம், வேற்றுக்கிரகம், காலப் பயணம் எல்லாம் உங்களுக்கு எதுக்கு?" பாமாவின் 'கருக்கு' (1992) திறந்துவிட்ட தன்வரலாற்றுப் பாதை நமக்குத் தாய்வீடு. அதை நாங்கள் ஒருபோதும் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. ஆனால் தாய்வீட்டை விட்டு வெளியே போகாதே என்று ஊர்த்தெருக்காரர் வந்து சொன்னால் அதற்குப் பெயர் அன்பா? ராஜகுமாரன் கதையை அவர் எழுதுவாராம், நாம் அடிபட்ட கதையை மட்டும் எழுதிக்கொடுக்க வேண்டுமாம்.

இந்த இரண்டுக்கும் எழுதியும் வாழ்ந்தும் பதில் சொன்னவர் ஆக்டேவியா பட்லர். 1947இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பசடேனா நகரில் பிறந்த கறுப்பினப் பெண். அப்பா ஷூ பாலிஷ் போடும் தொழிலாளி, மகள் சிறுமியாக இருக்கும்போதே இறந்துவிட்டார். அம்மா வெள்ளைக்காரர் வீடுகளில் வேலை செய்தவர். மகளை உடன் அழைத்துப்போகும் நாட்களில் இருவரும் பின்வாசல் வழியாகத்தான் நுழைய வேண்டும். முதலாளி வீட்டில் வேண்டாமென்று எறிந்த புத்தகங்களை அம்மா வீட்டுக்கு எடுத்துவருவார். மகளுக்கோ எழுத்துக்களை வாசிப்பதில் சிரமம் தரும் டிஸ்லெக்சியா. பள்ளியில் மந்தமான பிள்ளை என்றே நினைத்தார்கள். கறுப்பர்கள் எழுத்தாளராக முடியாது என்று அத்தை ஒருவரே அவளிடம் சொன்னார். அது அந்த அத்தையின் கெட்ட மனம் இல்லை. கறுப்பர் யாரும் எழுதிய புத்தகத்தை அவர் கண்ணில் காட்டாத நாடு அது.

இந்தப் பெண் தேர்ந்தெடுத்தது அறிவியல் புனைவையும் மாயப் புனைவையும். அதனால் கறுப்பர்களுக்கு என்ன பயன் என்று அவரிடமும் ஓயாமல் கேட்டார்கள். என்ன பயன் என்று பார்ப்போம்.

பசடேனா கல்லூரியில் படித்த காலத்தில், கறுப்பின விடுதலை இயக்கத்தில் இருந்த சக மாணவர் ஒருவர் கோபத்தோடு பேசினாராம். நம்மை இத்தனை காலம் பின்னுக்கு இழுத்த இந்தக் கிழங்களையெல்லாம் கொல்லத் தோன்றுகிறது, ஆனால் என் பெற்றோரிடமிருந்தல்லவா தொடங்க வேண்டும் என்று. பட்லருக்கு அம்மாவும் அந்தப் பின்வாசலும் நினைவுக்கு வந்தன. அம்மா வாயை மூடிக்கொண்டு அவமானத்தை விழுங்கியதால்தான் தனக்குச் சோறு கிடைத்தது என்று அவருக்குத் தெரியும். அந்த மாணவருக்கான பதில்தான் 1979இல் வெளிவந்த 'கிண்ட்ரட்' நாவல். 1976ஆம் ஆண்டின் கறுப்பினப் பெண் எழுத்தாளர் ஒருத்தி அடிமைக் காலத்து மேரிலாந்து பண்ணைக்கு இழுத்துச் செல்லப்படுகிறாள். அங்கே ஓர் ஆண்டையின் மகனை அவள் மீண்டும் மீண்டும் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. ஏனென்றால் அவனும் அவளுடைய மூதாதை. அவன் செத்தால் இவள் வம்சமே இல்லை. கால இயந்திரம் கிடையாது, விளக்கமும் கிடையாது. ஆனால் நம் பாட்டன்மார் ஏன் எதிர்த்து நிற்கவில்லை என்று வாய்கூசாமல் கேட்கும் வீரர்களை அது சவுக்கடிக்கு நடுவில் கொண்டுபோய் நிறுத்துகிறது. எதார்த்த நாவலில் அந்தப் பாட்டனைத் தூரத்தில் நின்று பார்க்கலாம். நாமே அவராக மாறி ஒரு நாள் உயிரோடு இருந்து பார்க்க, இந்த மாயம் வேண்டியிருக்கிறது.

நம் கூட்டங்களிலும் "எங்க தாத்தா கைகட்டி நின்னாரு, நான் நிக்கமாட்டேன்" என்று முழங்குகிறோம். முழங்கலாம் தோழர்களே, ஆனால் அந்தக் கட்டிய கைகளுக்குள் என்ன இருந்தது என்று எழுதியிருக்கிறோமா?

இனி அவர் சொன்ன அறிவுரைக்கு வருவோம். உள்தூண்டுதலை மறந்துவிடு, பழக்கத்தை நம்பு. திறமையையும் மறந்துவிடு, தினமும் படி, தினமும் எழுது, திருத்து, அனுப்பு, விடாதே. இவ்வளவுதான். பார்க்கச் சாதாரணமாக இருக்கிறது. ஆனால் பிறவிப் பெருமையின் மேல் கட்டிய கோபுரத்துக்கு இதைவிடப் பெரிய கடப்பாரை இல்லை. பழக்கம் யார் வீட்டுச் சொத்தும் இல்லையே.

அதற்காக அவரை 'உழைத்தால் உயரலாம்' போஸ்டராக்க நாங்கள் சம்மதிக்கமாட்டோம். அவர் அதிகாலை இரண்டு மணிக்கு எழுந்து எழுதினார், பிறகு பாத்திரம் கழுவவும் உருளைக்கிழங்கு சிப்ஸ் தரம் பார்க்கவும் போனார். இதைத் தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் உருகி உருகிச் சொல்வார்கள். வசதியுள்ளவர் பகலில் எழுதியதை இவர் தன் தூக்கத்தைத் திருடி எழுத வேண்டியிருந்தது என்பதுதான் அதன் அர்த்தம். விவரம் தெரியாத தாயும் மகளும் போலி இலக்கிய முகவர் ஒருவரிடம் பணம் கட்டி ஏமாந்தார்கள். அந்தத் தொகை அவர்களுடைய ஒரு மாத வாடகையைவிட அதிகம். சொல்லித்தர ஆள் இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இது எங்கும் நடக்கும்.

அவருக்கு வழி திறந்தது ஒரு பட்டறையில். வாய்ப்பு மறுக்கப்பட்ட இனங்களைச் சேர்ந்த எழுத்தாளர்களுக்காக அமெரிக்கத் திரை எழுத்தாளர் சங்கம் நடத்தியது அது. அங்கே பாடம் எடுத்த ஹார்லன் எலிசன் 1970இல் அவரைக் கிளாரியன் என்ற பயிற்சி முகாமுக்குப் போகச் சொன்னார். அதாவது அங்கே ஓர் இடஒதுக்கீடு இருந்தது! தகுதி, திறமை என்று நம்மிடம் நீட்டி முழக்குபவர்கள் இதைக் கவனிக்கட்டும். அதற்குப் பிறகும் ஐந்தாண்டுகள் ஒரு கதைகூட விலைபோகவில்லை. முதல் நாவல் வந்தது 1976இல். பின்னாளில் ஹியூகோவும் நெபுலாவும் கிடைத்தன. 1995இல் மெக்ஆர்தர் நல்கையும் வந்தது. அறிவியல் புனைவு எழுதும் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல்முறை.

ஏழைக் கறுப்பினப் பிள்ளைகளைக் கிளாரியனுக்கு அனுப்புவேன் என்று தன் குறிப்பேட்டில் அவர் எழுதிவைத்திருந்தார். 2006இல் இறந்துபோனார். அதன் பிறகு அவர் பெயரிலேயே உதவித்தொகை தொடங்கி, வெள்ளையரல்லாத இளம் எழுத்தாளர்களை அங்கே அனுப்பினார்கள். இங்கே மலைவாசஸ்தலத்தில் ஓட்டல் பிடித்து, ஆயிரக்கணக்கில் கட்டணம் வைத்து, மூன்று நாள் புனைவுப் பட்டறை நடத்தும் நண்பர்களிடம் நாங்கள் கேட்கிறோம்: போன முறை வந்தவர்களில் சேரியிலிருந்து வந்தவர்கள் எத்தனை பேர்? அவர்களுடைய பேருந்துக் கட்டணத்தை யார் கொடுத்தது?