பச்சை உடம்பும் பதினெட்டாயிரம் ரூபாயும்

பிள்ளை பெற்றவளைப் ‘பச்சை உடம்புக்காரி’ என்று சொல்வது நம் ஊர் வழக்கம். இன்னும் ஆறாத உடம்பு, பார்த்து நடத்த வேண்டிய உடம்பு என்று அதற்குப் பொருள். இந்தப் பச்சை உடம்புக்கு இன்று நகரங்களில் நல்ல சந்தை இருக்கிறது. எண்ணெய்த் தேய்ப்பு, மூலிகைக் குளியல், வயிற்றுக்கட்டு, சாம்பிராணிப் புகை, பிரசவ லேகியம் எல்லாவற்றையும் சேர்த்து நாற்பது நாள் ‘பேக்கேஜ்’ ஆக விற்கிறார்கள். நம் முன்னோர் தந்த இயற்கை வழி, தாயே உன்னை நீயே கவனித்துக்கொள் என்று இன்ஸ்டாகிராம் முழுக்க விளம்பரம். அந்த விளம்பரங்களில் ஆயுர்வேதத்தின் பெயர் இருக்கிறது, பாட்டி வைத்தியம் என்ற பெயர் இருக்கிறது. மருத்துவச்சியின் பெயர் மட்டும் எங்கும் இல்லை.

தமிழ்நாட்டின் மிகப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் மருத்துவர், நாவிதர், மங்கலா, பிராணோபகாரி என்ற பெயர்கள் ஒரே வரிசையில் இன்றும் இருக்கின்றன. பிராணோபகாரி என்றால் உயிருக்கு உதவுபவர். இந்தச் சமூகத்துப் பெண்கள்தான் பல ஊர்களில் தலைமுறை தலைமுறையாகப் பிரசவம் பார்த்தார்கள். சேரிகளில் தலித் பெண்களே மருத்துவச்சிகளாக இருந்தார்கள். புதுச்சேரி அருகே ஒரு கிராமத்தில் விவசாயக் கூலியாகவும் மருத்துவச்சியாகவும் வாழ்ந்த வீரம்மாவின் வாழ்க்கைக் கதையை ஜோசியான் ராசின், ழான்-லுக் ராசின் இணையர் பதிவு செய்து உலகறியச் செய்தார்கள். பெற்ற பிள்ளைகளில் பலரைப் பறிகொடுத்த பெண் அவர். ஊராரின் பிள்ளைகளைக் கையில் ஏந்திய பெண்ணுக்கே தன் பிள்ளைகளைக் காப்பாற்றிக்கொள்ள வழியில்லாமல் போனது.

தொப்புள்கொடியை அறுப்பது, நஞ்சுக்கொடியைப் புதைப்பது, தாயைக் குளிப்பாட்டுவது, வயிற்றைத் துணியால் இறுக்கிக் கட்டுவது, காய மருந்து இடிப்பது எல்லாம் இந்தப் பெண்களின் வேலை. ரத்தத் துணிகளை வெளுத்துத் தந்தது வண்ணார் பெண்கள். கிடைத்த கூலி கொஞ்சம் நெல்லும் ஒரு பழம்புடவையும். ‘தீட்டு’ வேலை என்பதால்தான் அது இவர்கள் தலையில் விழுந்தது. மருத்துவச்சி என்று கூப்பிட்ட அதே வாய் மறுநாள் சாதிப் பெயரைச் சொல்லி ஏசியது. அந்த அறிவு இப்போது ‘பாரம்பரியம்’ ஆகிவிட்டது. அறிவு விலைபோகிறது, தீட்டு மட்டும் அதைச் சுமந்தவர்களிடமே தங்கிவிட்டது. சாதி எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான பாடம் வேண்டியதில்லை.

அதற்காக நாட்டு வழக்கம் அனைத்தையும் நாம் தலையில் தூக்கி வைத்து ஆட வேண்டியதில்லை. அனைத்தும் மூடநம்பிக்கை என்று ஒரே வீச்சில் தள்ளவும் வேண்டியதில்லை. பூண்டுக் குழம்பும் முருங்கைக்கீரையும் கருவாடும் நல்ல உணவு. வெந்நீர்க் குளியல் வலிக்கு இதம். தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும் என்று தாகத்தோடு கிடக்க வைப்பது தீங்கு, பால் கொடுப்பவளுக்கு நீர் கூடுதலாகத் தேவை. சீம்பாலைப் பீய்ச்சி எறிவதும் தொப்புளில் சாம்பலோ எண்ணெயோ வைப்பதும் குழந்தைக்கு ஆபத்து. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 44.9 விழுக்காடு பிரசவங்கள் அறுவை சிகிச்சையில்தான் நடக்கின்றன. அறுத்துத் தைத்த வயிற்றில் மருத்துவரைக் கேட்காமல் துணியை இறுக்கிக் கட்டுவது என்ன இயற்கை? ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் நனையும் அளவு ரத்தம், காய்ச்சல், நாற்றமடிக்கும் போக்கு, கடுந்தலைவலியோடு பார்வை மங்குதல் இவற்றில் எது வந்தாலும் கஷாயம் காய்ச்சிக்கொண்டு நிற்காமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

விற்பனைப் பத்தியங்கள் பெரும்பாலும் சைவமாக இருப்பதையும் கவனிக்க வேண்டும். அதே ஆய்வு தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை என்கிறது. ஈரல், சுவரொட்டி, ரத்தப் பொரியல், மாட்டுக்கறி என்று நம் அம்மாக்கள் பச்சை உடம்புக்குத் தேடிக் கொடுத்தவை இரும்புச்சத்து மிகுந்தவை. மாட்டுக்கறி விலையும் குறைவு. அதை அருவருப்பாகவும் நெய்யைப் புனிதமாகவும் காட்டும் பட்டியல், ஊட்டச்சத்தின் பெயரால் எழுதப்பட்ட சாதிப் பட்டியல்.

தீட்டு சமையலறையோடு நிற்பதுமில்லை. 2023 ஜூலையில் கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டத்தில், பிள்ளை பெற்றவளையும் பச்சைக் குழந்தையையும் தீட்டு என்று ஊருக்கு வெளியே குடிசையில் வைத்தார்கள். அந்தக் குழந்தை இறந்தது. மதுரை மாவட்டத்தின் சில ஊர்களில் இன்றும் முட்டுவீடு இருக்கிறது. இதைத் தாய்க்கு ஓய்வு தரும் ஏற்பாடு என்று விளக்கம் சொல்பவர்கள் உண்டு. ஓய்வு தர வேண்டுமென்றால் வீட்டுக்குள் கட்டில் போட்டுத் தரலாமே?

ஓய்வு என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. லேகியம் இல்லாமல் உடம்பு தேறும். ஓய்வும் சோறும் இன்னொருவரின் கையுதவியும் இல்லாமல் தேறாது. மகர் பெண்கள் பிரசவத்துக்குப் பிறகு பட்ட பசியைப் பேபி காம்ப்ளே தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். என் பாட்டி நடவு வேலை செய்தவர். எத்தனை நாள் பத்தியம் இருந்தீர்கள் என்று கேட்டதற்கு, “நடவு வந்தா என்னடி பத்தியம், வரப்புல தூளி கட்டிட்டு இறங்க வேண்டியதுதான்” என்றார். நாற்பது நாள் என்பது நிலம் வைத்திருந்தவர்களின் கணக்கு.

இன்று அந்தக் கணக்கை அரசு எப்படிப் போடுகிறது? தமிழ்நாட்டு அரசு ஊழியருக்குச் சம்பளத்தோடு 12 மாத மகப்பேறு விடுப்பு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் இருந்தால் 2017 சட்டத்திருத்தம் தொட்டு 26 வாரம். என்னைப் போன்ற ஆய்வு மாணவிக்குப் பல்கலைக்கழக மானியக்குழு விதிப்படி 240 நாள். விவசாயக் கூலிப் பெண்ணுக்கும், வீட்டு வேலை செய்பவருக்கும் ஒரு நாள்கூட இல்லை. அவர்களுக்கு இருப்பது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாய். அதில் 4,000 ரூபாய் ஊட்டச்சத்துப் பெட்டகம், ரொக்கம் 14,000 மட்டுமே. 2025-26இல் நூறுநாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவித்த நாள்கூலி 336 ரூபாய். அந்தக் கூலியிலேயே 26 வாரத்துக்குக் கணக்கிட்டால் 61,152 ரூபாய் வருகிறது. கையில் தரும் 14,000 ரூபாய் சுமார் 42 நாள் கூலி. அதுவும் கர்ப்ப காலத்தில் தொடங்கித் தவணை தவணையாக, முதல் இரண்டு பிரசவங்களுக்கு மட்டும். மூன்றாவது பிள்ளை பெற்றவளின் உடம்பு பச்சை உடம்பு இல்லையா?

1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு உதவி மசோதா வந்தபோது அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன், அதன் செலவில் அரசுக்கும் பொறுப்பு உண்டு என்பது அவர் வாதம். ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆகப்போகின்றன. அன்று ஆலைத் தொழிலாளிக்காக எழுந்த கோரிக்கை வயல் தொழிலாளியை இன்னும் வந்தடையவில்லை. வந்தடையாதவர்களில் தலித் பெண்கள் எத்தனை பேர் என்பதை அறிய நடவு வயலைப் போய்ப் பார்த்தால் போதும்.

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவாக இருக்கட்டும். பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பார்க்காமல் எல்லாத் தாய்மார்களுக்கும் 26 வாரக் கூலி வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு முதல் ஆறு வாரத்துக்குள் குறைந்தது மூன்று முறை தாயைப் பரிசோதிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. அதை நம் கிராம சுகாதாரச் செவிலியர்கள் வீடு தேடி வந்து செய்யும் அளவுக்கு ஆள் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். தாயைக் குளிப்பாட்டி, சமைத்து, உடனிருக்கும் வேலையைப் பயிற்சியும் நியாயமான சம்பளமும் உள்ள அரசு வேலையாக்கி, எல்லாச் சாதியினரையும் அதில் அமர்த்த வேண்டும். இனி அந்த வேலை எந்தச் சாதியின் பரம்பரைத் தொழிலாகவும் இருக்கக் கூடாது.

இன்னொன்றை நம் தோழர்களுக்குச் சொல்ல வேண்டும். சமூகநீதி பேசும் வீடுகளிலும் பச்சை உடம்புக்காரிக்குச் சமைப்பது அவளுடைய அம்மாதான். ரத்தத் துணி துவைப்பதும் அவர்தான். நாம் கேட்கும் சட்டங்கள் வரும்வரை நாற்பது நாளும் சோறாக்கி, துணி துவைத்து, இரவில் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ள ஆண்களுக்கு எந்த அரசாணையும் தேவையில்லை. தீட்டு இல்லை என்று மேடையில் சொல்பவர்கள் அந்தத் துணியை முதலில் கையில் எடுக்கட்டும்.