மடல்களுக்கும் ஓர் அணை வேண்டும்



பட்டம் பெற்றுச் செல்லும் நாளில் நூலகப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கிறோம். விடுதி அறையின் சாவியையும் கொடுக்கிறோம். அத்துடன் நம்மை அறியாமலே மற்றொன்றையும் கொடுத்துவிட்டுப் போகிறோம். அதுதான் பல்கலைக்கழகம் தந்த மின்னஞ்சல் முகவரி! மாணவர் வெளியேறியதும் அக்கணக்கை மூடிவிடுவது பல பல்கலைக்கழகங்களின் வழக்கம். பேராசிரியர் ஆய்வேட்டில் செய்த திருத்தங்கள், உதவித்தொகைக் கடிதங்கள், நேர்முகத் தேர்வுக்கு வந்த அழைப்பு ஆகிய அத்தனையும் அன்றோடு போயின.

“ஜிமெயில் இருக்கிறதே!” என்பீர்கள். இரண்டாண்டு தொடாத தனியார் கணக்கை நீக்கிவிடலாம் என்னும் விதியை 2023 டிசம்பர் முதல் கூகுள் நடைமுறைக்குக் கொண்டுவந்ததே, அறிவீர்களா? “வாட்ஸ்அப் போதாதோ?” என்பாரும் உளர். நலம் விசாரிக்கப் போதும். நியமன ஆணையை ஐந்தாண்டு கழித்துத் தேடி எடுக்கப் போதுமா?

நான் பிச்சாட்டூர்க்காரன். ஆரணியாறு எங்கள் ஊர் அணையில் தேங்கி, பின்பு ஊத்துக்கோட்டை வழியே தமிழகத்தில் பாய்கிறது. ஓடுகிற நீர் கண்ணுக்கு அழகு. தேக்கிய நீரே வயலுக்கு உயிர். மடல்களும் அப்படித்தான். உலாவியில் திறந்து பார்த்து மூடுவது ஓடுகிற நீர். நம் கணினியில் சேர்த்து வைப்பது தேக்கிய நீர்.

இந்த அணையைக் கட்டக் கொத்தனார் வேண்டாம். தண்டர்பேர்டு போன்ற அஞ்சல் செயலி ஒன்று போதும், அதற்கு விலையுமில்லை. பெயரும் முகவரியும் கொடுத்தால் சர்வர் விவரங்களைப் பெரும்பாலும் தானே கண்டுகொள்ளும். இல்லையேல் நாமே எழுதலாம்: மடல் பெற ஐமேப், போர்ட் எண் 993; அனுப்ப எஸ்.எம்.டி.பி., எண் 465 அல்லது 587. ஜிமெயில் ஆயின், செயலி திறக்கும் கூகுள் பக்கத்திலேயே உள்நுழைந்து அனுமதி தர வேண்டும். வழக்கமான கடவுச்சொல்லை மட்டும் செயலியில் எழுதி நுழையும் பழைய வழியைத் தனியார் கணக்குகளுக்கு 2022 மே இறுதியில் கூகுள் அடைத்துவிட்டது. பழைய குறிப்புகளைப் பார்த்து முயல்வோர் இங்கேதான் தடுமாறுகின்றனர்.

ஒன்றை மறவாதீர்கள். ஐமேப் முறையில், சர்வரில் அழிந்த மடல் நம் கணினியிலும் அழியும். ஆகவே காக்க வேண்டியவற்றைக் கணினிக்குள்ளேயே இருக்கும் தனிக் கோப்புறைக்குப் படியெடுங்கள். கணினியும் ஒருநாள் பழுதாகும். பென்டிரைவில் இன்னொரு படி இருக்கட்டும்.

இத்தனை பாடு ஏன் என்கிறீர்களா? 1960-இல் திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தது. பிச்சாட்டூர் ஆந்திரத்தில் நின்றது. எனக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. தமிழ் எழுத்து என் கைக்குப் பழகியது, சென்னையிலிருந்து மாமா எழுதிய மடல்களுக்குப் பதில் எழுதி எழுதித்தான். எனக்கு அவையே தமிழ்ப் பாடநூல். பாடநூலைப் பிறர் பெட்டியில் போட்டுவைத்து, சாவியையும் அவரிடமே கொடுப்பார் உண்டோ?

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். தேர்வுக்கு முன் ஒரு மாலைப்பொழுதை இதற்கு ஒதுக்குங்கள். அறிந்தவர் அறியாதவர் பக்கத்தில் அமர்ந்து, செயலியை நிறுவிக் கொடுக்கட்டும். இறுதியாண்டு மாணவர் ஒருவர்கூடத் தம் மடல்களை இழந்து வெளியேறலாகாது. மழை பெய்தபின் அணை கட்டிப் பயனென்ன? இன்றே தொடங்குவோம்!