அயல்நாட்டு மாணாக்கரும் உறைவுரிமைச் சீட்டும்

கல்வியின்பொருட்டுக் கடல் கடப்போர்க்குக் கடலினும் கடத்தற்கரியதொன்று உண்டு. அஃது அலுவலகத் தாள்களே. ஜெர்மனி தேயத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

2024 செப்டம்பரில் வகுத்த அளவின்படி, ஆங்குச் செல்லும் மாணாக்கர் பெரும்பாலார் ஓராண்டுச் செலவிற்கென 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் இட்டுக் காட்டியே விசாப் பெறுகின்றனர். குடிபுகுந்த இரண்டு வாரத்துள் வீட்டுக்காரர் கைச்சான்றுடன் முகவரியைப் பதிதல் வேண்டும். விசா முடியுமுன் உறைவுரிமைச் சீட்டிற்கு விண்ணப்பித்தலும் வேண்டும். இவற்றை யாம் குறைகூறேம். வருவோர் யாவர், யாண்டு உறைவர் என அறிதல் அரசின் கடனே.

குறை யாதெனின், பெருநகரங்களில் அலுவலரைக் காண நாள் பெறுதற்கே திங்கள் பல கழிதலுண்டு. விசாவின் நாளோ காத்திராது. இதற்கு அந்நாட்டு உறைவுச் சட்டத்தின் 81-ஆம் பிரிவு மருந்து வைத்துளது. காலத்துள் விண்ணப்பித்தவனது பழைய உரிமை, முடிவு வருங்காறும் நீடித்ததாகவே கொள்ளப்படும். அதற்குச் சான்றிதழும் உண்டு. ஆயினும், மருந்து உண்டென்பதை நோயாளி அறியான். வாடகைக்கு வீடு தருவாரும் வேலை தருவாரும் சீட்டைக் கேட்குந்தோறும் அவன் குற்றவாளிபோல் நடுங்குகின்றான்.

விருந்தினன் முறையிடலாமோ என்பாரும் உளர். கட்டணமும் செலுத்திக் காலமும் தவறாதவன் வேண்டுவது சலுகையன்று; மறுமொழியே. விண்ணப்பம் பெற்ற அன்றே சான்றிதழ் தருதல் அலுவலகத்தின் கடன். நாள் தவறாது விண்ணப்பித்து, அனுப்பியமைக்குச் சான்று பேணுதல் மாணாக்கன் கடன். தோழர்காள், பயணப்பெட்டி கட்டுமுன் அந்நாட்டுச் சட்டத்தையும் ஒருமுறை கற்மின். ஆகாதென்னும் விடையை ஆற்றலாம். விடையின்மையை ஆற்றுதல் அரிது.