ஒரு சொல்லுக்கு எத்தனை வேஷம்!

ஓசூர் வட்டாரத்தில் பஸ்சில் போகிறவர்கள் ஊர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டே போனால் ஒரு வேடிக்கை தெரியும். பேகேப்பள்ளி, திம்ஜேப்பள்ளி, 1878-ம் ஆண்டு ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி... எங்கும் "பள்ளி"தான். தருமபுரிப் பக்கம் போனால் மாரண்டஅள்ளி. கர்நாடகத்துக்குள் நுழைந்தால் வழியெல்லாம் "ஹள்ளி". ஆந்திரத்தில் "பல்லெ".

இவை வேறு வேறு சொற்கள் அல்ல. எல்லாம் ஒரே சொல்!

படுக்கை முதல் பாடசாலை வரை

பள்ளி என்றதும் இன்று குழந்தைகள் படிக்கும் இடமே நினைவுக்கு வரும். படுக்கை, தங்குமிடம் என்பவை அதன் பழைய பொருள்கள். பெருமாள் பள்ளிகொள்கிறார். அரசன் தூங்கிய அறை பள்ளியறை. சமண முனிவர்கள் தங்கிய இடம் பள்ளி. முஸ்லிம்கள் தொழும் இடம் பள்ளிவாசல். மக்கள் குடியிருக்கும் சிற்றூருக்கும் அதே பெயர்.

"ப" போய் "ஹ" வந்தது

பழைய கன்னடத்திலும் இது "பள்ளி"தான். சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, கன்னடச் சொற்களின் முதலில் வரும் "ப" மெல்ல மெல்ல "ஹ" ஆகத் தொடங்கியது. நம்முடைய பால் அங்கே ஹாலு, பத்து, ஹத்து, புலி, ஹுலி. அப்படியே பள்ளி ஹள்ளி ஆயிற்று. தமிழர் நாக்கு "ஹ"வை விழுங்கியதும் அள்ளி ஆயிற்று.

ஓசூரின் கதையும் இதுதான். கன்னடத்தில் "ஹொச" என்றால் புதிய. ஹொச ஊர்தான் ஓசூர். அதாவது, நம்முடைய புதூர்!

எப்படி எழுதுவது?

இது வெறும் வேடிக்கை அல்ல. ஒரே ஊரை வேப்பனப்பள்ளி என்றும் எழுதுகிறார்கள், வேப்பனஹள்ளி என்றும் எழுதுகிறார்கள். இன்று இந்த வட்டாரத்தில் தொழிற்சாலைகள் பெருகிவிட்டன. திம்ஜேப்பள்ளி அருகே செல்போன் பாகங்கள் செய்யும் பெரிய ஆலை இருக்கிறது. வெளியூர்ப் பிள்ளைகள் வேலைக்கு வருகிறார்கள். பட்டாவில் ஒரு பெயர், பாங்கிப் புத்தகத்தில் வேறு பெயர் என்றிருந்தால் அலைவது ஏழைதானே?

2020-ம் ஆண்டு ஜூன் மாதம், 1,018 ஊர்ப் பெயர்களைத் தமிழ் உச்சரிப்புப்படி ஆங்கிலத்தில் எழுத அரசு உத்தரவு வெளியிட்டது. சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றது. ஊர்ப் பெயரில் கை வைப்பது அவ்வளவு சுலபம் அல்ல!

ஓர் ஊருக்கு எல்லாத் தஸ்தாவேஜுகளிலும் ஒரே எழுத்து வேண்டும். அது அந்த ஊரார் வாயில் வழங்கும் பெயராக இருக்கட்டும். பள்ளியை வைத்து ஊர் தமிழருடையது என்றோ, ஹள்ளியை வைத்துக் கன்னடருடையது என்றோ வழக்காடுவதில் பயன் இல்லை. அந்தச் சொல்லே இரண்டு வீட்டுக்கும் சொந்தம்.